மணிக்கொரு தடவை

தன் பாட்டை நிறுத்துங்கள் என்று நகராட்சிக்கு நடையாய் நடந்த இசையமைப்பாளர் இந்த உலகத்தில் பாவோ மார்டென்ஸ் ஒருத்தராகத்தான் இருக்கும். மற்றவர்களெல்லாம் போடச் சொல்லித்தான் நடப்பார்கள். அவரும் வாழ்நாளெல்லாம் அதற்குத்தான் நடந்தார்.

இந்தக் காலத்தில் செவ்வியல் இசை எழுதுகிறவன் பிழைப்பு எங்கள் ஃப்ளாண்டர்ஸில் அப்படி. வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒரு சிம்பொனி எழுதுவான். கென்டிலோ ஆண்ட்வெர்ப்பிலோ ஒரு நாள் வாசிப்பார்கள். முன்வரிசைக்காரர்கள் இருமலை அடக்கிக்கொண்டு கேட்பார்கள், முடிந்ததும் பூங்கொத்து வரும், வெளியே பீரும் கடுகு தொட்ட சீஸ் துண்டும் காத்திருக்கும். மறுநாள் அந்தக் காகிதக் கட்டு அலமாரிக்குப் போய்விடும். அரங்கேற்றமும் கருமாதியும் ஒரே நாளில். பாவோவிடம் அப்படி அலமாரி அலமாரியாக இருந்தது. அதற்கெல்லாம் தப்பி ஊர் ஊராகப் போனது நாலு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ஒரே ஒரு நால்வர் இசை. அதுதான் அவர் குடும்பத்தைப் பிரித்தது.

அவர் மனைவி க்ரேத் நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பாவோ பக்கத்து நாற்காலியில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார், மடியில் இசைத்தாளும் கையில் பென்சிலுமாக. பாவம், துக்கத்தை மறக்க என்னவோ கிறுக்குகிறார் என்று மகன் யோரன் நினைத்துக்கொண்டான். சூப் வாங்கி வந்து கொடுத்தான், போர்வை போர்த்தினான். க்ரேத் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து பிரஸ்ஸல்ஸில் அரங்கேற்றம். யோரன் கோட்டு சூட்டு போட்டு மனைவியோடு போய் உட்கார்ந்தான். செல்லோ மெதுவாக ஏறியது, இறங்கியது, நடுவில் சிக்கி நின்றது, மறுபடி ஏறியது. அது எது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் அவனும்தானே விழித்துக் கிடந்து அதை எண்ணிக்கொண்டிருந்தான். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான்.

பாவோ பூங்கொத்தோடு தெருவுக்கு ஓடி வந்தார். யோரன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“அம்மா மூச்சு விட முடியாம கெடந்தப்போ நீ அவ கையப் பிடிக்கலப்பா. பென்சிலப் பிடிச்சிருந்த.”

அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் போய்விட்டான். எனக்கு வேறெப்படிப் பிடிப்பது என்று தெரியாது என்பதுதான் அவரிடம் இருந்த பதில். அதைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே ஊர். ஷெல்ட் ஆற்றங்கரையில் கைக்குட்டை அகல ஊர். யோரனுக்குச் சந்தைத் திடலில், மணிக்கோபுரத்துக்கு நேர் எதிரே சீஸ் கடை. பாவோவின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால் சந்தில். அப்பா திடலைக் கடந்தால் மகன் கடையின் உள்ளறைக்குப் போய்விடுவான். கடைக்கு வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டுப்பால் சீஸைப் பார்ப்பார்கள். இப்படியே வருஷங்கள் ஓடின.

அப்போதுதான் கோபுர வேலை வந்தது. எங்கள் கோபுரத்தின் உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை இருக்கிறது. உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டைகளில் எஃகு முளைகளைச் செருகி வைத்தால், மணி அடித்ததும் உருளை சுற்றும், முளைகள் கம்பியை இழுக்கும், மேலே மணிகள் பாடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஈஸ்டருக்கு முளைகளைப் பிடுங்கிப் புதுப் பாட்டுக்கு மாற்றுவார்கள். இந்தத் தடவை நம்மூர் இசையமைப்பாளர் இருக்கும்போது வெளியே எதற்குப் போவது என்று நகராட்சியில் கலாசாரத்தைப் பார்க்கிற அம்மாள் பாவோவைக் கேட்டாள்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு சீழ்க்கை உண்டு. கடற்கரைக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெயர் சொன்னால் நாலு பிள்ளை திரும்பும், சீழ்க்கைக்கு ஒன்றுதான் திரும்பும். மார்டென்ஸ் வீட்டுச் சீழ்க்கை நாலு சுரம், கடைசிச் சுரம் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். யோரன் சின்னப் பையனாக ஆற்றங்கரையில் பந்து உதைத்துக்கொண்டிருப்பான். பாவோ மாடி ஜன்னலிலிருந்து சீழ்க்கை அடிப்பார். உருளைக்கிழங்கு ஆறுவதற்குள் பையன் வாசலில் நிற்பான்.

அந்த நாலு சுரத்தைத்தான் கோபுரத்தில் ஏற்றிவிட்டார் மனுஷன்.

மன்னிப்புக் கேட்க வாய் இருக்கிறது, தபால் இருக்கிறது, கடைக்குக் கதவு இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு உலகத்துக்கே கேட்கிற மாதிரி மணியில் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எது கையில் கிடைத்தாலும் அதைப் பாட்டாக்கத்தான் அவருக்குத் தெரியும், அதற்காகத்தான் மகன் அவரை வெறுத்தான், அதே வேலையைச் செய்துதான் மகனைத் திரும்பக் கூப்பிட்டார்.

ஈஸ்டர் ஞாயிறு ஊரே திடலில் கூடியது. மணி அடித்து ஓய்ந்தது, உருளை சுற்றியது. நாலு சுரம் கூப்பிட்டது, சின்ன மணிகள் அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடின, மறுபடி நாலு சுரம் கூப்பிட்டு நின்றது. பாவோ மேலே பார்க்கவில்லை, கடையைப் பார்த்தார். யோரன் வாசலுக்கு வந்தான். அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பிறகு உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினான். அழுகையை மறைக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார் இவர். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

காலையிலிருந்து இரவுவரை மணிக்கொரு தடவை அது பாடியது. ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அதைச் சீழ்க்கை அடித்துக்கொண்டே போனார்கள். ஊர்க்குழல் வாத்தியக் கோஷ்டி அணிவகுப்பில் வாசித்தது. இறைச்சி வெட்டுகிறவர்கூட அதை முணுமுணுத்துக்கொண்டே எலும்பை வெட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக பாவோ எழுதிய ஒன்றை ஊர் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. மகன் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைச் சந்தையில், கோழி சுடுகிற வண்டிக்குப் பின்னால் மருமகள் சில்கே அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். யோரனுக்குத் தெரியாமல் எப்போதாவது பேத்தி மாரித்தின் போட்டோ காட்டுகிறவள் அவள். அன்றைக்கு அவள் கையில் போட்டோ இல்லை.

“மாமா, அந்தப் பாட்ட எடுக்கச் சொல்லுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஏம்மா, அவனுக்குப் புடிக்கலியா?”

“புடிக்கறதா? ஒவ்வொரு தடவையும் திரும்பி வாசலப் பாக்குறாரு மாமா. கையில கத்தி, எதிர்ல ஆளு நிக்குது, இவரு தல தானாத் திரும்புது. அப்புறம் அதுக்காகத் தன் மேலயே கோவம். அந்தக் கோவம் தணியறதுக்குள்ள அடுத்த மணி அடிக்குது. மாரித்தும் இப்ப கூடவே திரும்பிப் பாக்குது, யாருப்பா வராங்கன்னு கேக்குது.”

பையனை வளர்த்து ஆளாக்கிய பழக்கம் அது. கூப்பிட்டால் திரும்பு என்று கற்றுக்கொடுத்தவரே அவர்தான். திரும்பாமலிருக்க அவனால் முடியவில்லை, வராமலிருக்க மட்டும்தான் முடிந்தது.

அன்றே கோபுரத்துக்கு ஓடினார். மணி வாசிக்கிற லீஸ்பெத் நல்ல பெண், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. உருளையைத் தட்டிக் காட்டி, இதற்கு முளை செருக ஆள் நாட்டிலேயே ஒன்றிரண்டு பேர்தான், அவர்கள் கோபுரம் கோபுரமாக வரிசை வைத்திருக்கிறார்கள், அடுத்த முறை வருவதற்கு அதற்கடுத்த ஈஸ்டர் ஆகும் என்றாள். சும்மா நிறுத்தி வைக்கலாமே என்றார் இவர். நகராட்சி சொன்னால் நிறுத்தலாம், நான் என் இஷ்டத்துக்கு நிறுத்தினால் நாளைக்கு நானும் நிற்க வேண்டியதுதான் என்றாள்.

நகராட்சியில் கலாசார அம்மாள் காபி வரவழைத்தாள், கூடவே ஒரு இலவங்கப்பட்டை பிஸ்கட்டும். எழுதுகிறவர்களுக்கே உள்ள கூச்சம் இது, ஜனங்களுக்குப் பிடித்துவிட்டதே என்று வெட்கப்படாதீர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். நான் எழுதியது, நான் வேண்டாம் என்கிறேன் என்றார் பாவோ. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களே என்றாள் அவள். அவர் மூன்று தடவை போனார், மூன்று தடவையும் பிஸ்கட் கிடைத்தது.

கடைசித் தடவை வேறு வழி தெரியாமல் உள்ளதைச் சொல்லிவிட்டார். அது பாட்டில்லை அம்மா, என் மகனைக் கூப்பிடுகிற சீழ்க்கை, அவனால் தாங்க முடியவில்லை என்றார். அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகட்டும் பார்க்கிறேன் என்றாள்.

பார்த்தாள், நன்றாகத்தான் பார்த்தாள். அடுத்த வாரம் வட்டாரப் பத்திரிகையில் கோபுரத்தின் படத்தோடு வந்தது: மகனை மணிக்கொரு தடவை கூப்பிடும் தந்தை. கெட்ட எண்ணம் அவளுக்குத் துளியும் கிடையாது. இவ்வளவு அழகான கதை ஊருக்குத் தெரியாமல் போகக் கூடாது என்று நினைத்துவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று, அது இப்போது கழுத்துவரை ஏறிவிட்டது.

அன்றிலிருந்து யோரனின் கடையில் ஒரே கூத்து. மணி பாடியதும் சீஸ் வாங்க வந்தவன் சிரிப்பான்.

“அப்பா கூப்புடறாரு பாரு, போயிட்டு வா. கடைய நாங்க பாத்துக்கறோம்.”

எல்லாரும் தெரிந்த முகம், எல்லாரும் நல்லவர்கள். ஒரு கிழவர் உருக்கமாக அறிவுரை சொன்னார். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்குவமாக முதிர்ந்த சீஸ் அரைக்கிலோ வாங்கிப் போனாள். பக்கத்து ஊரிலிருந்துகூட வந்து, இவர்தான் அந்த மகனா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். யோரன் எல்லாருக்கும் சீஸை வெட்டி, காகிதத்தில் மடித்து, நன்றி சொல்லிக் கொடுத்தான். வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டான்.

பாவோ பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போய் நான் செய்யவில்லை என்று சொல்லலாமா என்று நினைத்தார். போனால், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டார் என்று ஊர் கைதட்டும். போகாவிட்டால் இதையும் அவர்தான் போடச் சொன்னார் என்று ஆகும். கை காலை அசைத்தால் குற்றம், சும்மா இருந்தால் அதைவிடக் குற்றம். அவர் எழுந்து திடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். மணிச்சத்தத்துக்கு ஜன்னல் ஒரு பொருட்டா.

இலையுதிர் காலத்தில் சில்கேயிடமிருந்து போனில் செய்தி வந்தது. கடையை விற்றாயிற்று. லிம்பர்கில் அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் போகிறார்கள். சனிக்கிழமை காலை வண்டி வருகிறது. தயவுசெய்து வழியனுப்ப வராதீர்கள் மாமா, அவர் தாங்கமாட்டார் என்று முடித்திருந்தாள். வெளியாட்கள் சிரிப்பார்கள், லிம்பர்க் காரில் ஒன்றரை மணி நேரம்தான். எங்களுக்கு அது தேசாந்திரம். ஆற்றுக்கு அந்தக் கரையில் பெண் எடுத்தாலே தூரத்துச் சம்பந்தம் என்கிற ஊர் இது.

பாவோ மறுபடி கோபுரத்து மாடிப்படி ஏறினார். இந்தத் தடவை எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

“சனிக்கெழம காலைல ஒரு ரெண்டு தடவ மட்டும் பாடாம இருந்தாப் போதும். பத்துக்கும் பதினொண்ணுக்கும். புள்ள போறப்போ நிம்மதியாப் போகட்டும். இனிமே ஒன்னக் கேக்கவே மாட்டேன், லீஸ்பெத்.”

லீஸ்பெத் அவரைப் பார்த்தாள். எண்ணெய் போட நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நான் வந்து பிடித்துக்கொள்கிறேன் என்றார் அவர். பிடிக்கவெல்லாம் தேவையில்லை, ஒரு தாழ்க்கோல் இருக்கிறது, அதைப் போட்டால் உருளை நிற்கும் என்றாள் அவள். போட்டாலும் நான் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன் என்றார்.

சனிக்கிழமை நல்ல வெயில். பாவோ சவரம் செய்து, கோட்டு மாட்டிக்கொண்டு சீக்கிரமே போய் மேலே ஏறிவிட்டார். லீஸ்பெத் தாழ்க்கோலைப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள். உருளை அறையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஒரு கையால் தாழ்க்கோலைப் பிடித்தபடி அதன் வழியாகக் கீழே பார்த்தார். வண்டி நின்றுகொண்டிருந்தது. யோரன் மேஜையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாரித் பெட்டிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். மகனை இவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் பார்த்து எத்தனை வருஷமாயிற்று. தலையில் முடி கொட்டியிருந்தது. அவர் அதை அறியவேயில்லை.

பெரிய மணி பத்து அடித்தது, அடித்து ஓய்ந்தது. தாழ்க்கோல் அவர் கையில் ஒரு தடவை துள்ளியது. உருளை நகரவில்லை.

கீழே யோரனின் தலை கடை வாசல் பக்கம் திரும்பியது, பழக்க தோஷம். பிறகு நின்றான். அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தான். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். திடலில் இன்னும் இரண்டொருவர் அண்ணாந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு நடந்தார்கள். யோரன் மட்டும் பார்த்தபடியே இருந்தான். சில்கேயிடம் ஏதோ சொன்னான், மாரித்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று தேவாலயப் பக்கம் போனான். கூரைகள் அவனை மறைத்துவிட்டன.

“நிம்மதியாயிட்டான்” என்றார் பாவோ. “பாத்தியா, எவ்வளவு வேகமா நடக்கறான்.”

லீஸ்பெத் ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டினாள். போகிற வழிக்குக் குழந்தைக்கு ஏதோ வாங்கப் போயிருப்பான் என்று பாவோ நினைத்துக்கொண்டார். மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. இத்தனை வருஷத்தில் மகனுக்குப் பிடித்த மாதிரி ஒன்றைச் செய்துவிட்டோம், அதுவும் சத்தமே இல்லாமல்.

நெடுநேரம் கழித்து யோரன் திரும்பி வந்தான். நடை தளர்ந்திருந்தது. மிச்சப் பெட்டிகளை ஏற்றினான், பதினொன்று அடிப்பதற்கு முன்பே வண்டிக்குப் பின்னாலேயே காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். திடல் காலியானது. பாவோ விடவில்லை. பதினொன்று அடித்தபோதும் தாழ்க்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர் எல்லையைத் தாண்டுகிறவரை காதில் விழுமே என்றார்.

படி இறங்கி வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு ஸ்தாஃப் வேலியருகே நின்றிருந்தார். பந்தயப் புறா வளர்க்கிறவர். சனிக்கிழமை காலை முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு பின்கட்டில் நிற்பார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“எங்கடா போயிருந்த? ஒன் மவன் வந்திருந்தான்.”

பாவோ கேட்டில் கையை வைத்தபடி நின்றார்.

“கொழந்தையும் கையுமா ஓடி வந்தான்டா. மூச்சு வாங்குது. வாசல் மணிய அடிக்கறான், கதவத் தட்டறான், ஜன்னல்ல எட்டிப் பாக்கறான். நான் பின்னால இருந்து ஓடியாந்தேன். அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே, கோபுரம் பாடலியேன்னு கேட்டான். மொகம் வெளுத்துக் கெடந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? ஒங்கப்பனுக்கு என்னடா கேடு, கல்லு மாதிரி இருக்கான், காலைல மழமழன்னு செரச்சிக்கிட்டு, கோட்ட மாட்டிக்கிட்டு ஜம்முனு எங்கயோ கெளம்பிப் போனான்னு சொன்னேன். ஜம்முனு போனாரான்னு கேட்டான். ஆமான்னேன்.”

“அப்புறம்?”

“ஒன் படியில உக்காந்தான். ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். அந்தக் கொழந்த பூட்டுத் தொளையில கண்ண வெச்சு உள்ள பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் எழுந்து, சரின்னுட்டுப் போயிட்டான்.”

பாவோ போனை எடுத்தார். யோரனின் எண்ணைப் போட்டார். அது அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போட்டார், அடிக்கவேயில்லை. சில்கேயின் எண்ணுக்குப் போட்டார், அவள் எடுத்து, இப்ப வேணாம் மாமா என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் குழந்தை என்னவோ கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கேட்டது.

அவர் படியில் உட்கார்ந்தார். எழுந்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்தாஃப் வேலியைச் சுற்றி வந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“ஏண்டா, ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பானோ?”

“இருந்திருப்பான்” என்றார் பாவோ.